போர்டில் எழுதிய ஊர்

ஈரக்காற்று திரும்பிவிட்டதை அந்த வீட்டில் முதலில் அறிந்தது மண்டிக்காரர் மனைவியின் கைதான். பட்டறைக்குள் குனிந்து வெங்காயக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அசையாமல் நின்றாள். மேலே கிடந்த காய்கள் நன்றாகக் காய்ந்து சலசலத்தன. உள்ளே, விரல் நுனியில், இளஞ்சூடு தட்டியது. கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அழுகல் வாடை இன்னும் இல்லை. சூடு வந்துவிட்டால் வாடை வர வெகுநாள் ஆகாது.

வெங்காயப் பட்டறை பார்ப்பதற்கு வெறும் கொட்டகை மாதிரிதான் இருக்கும். உண்மையில் அது காற்றுக்காகக் கட்டிய வீடு. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மூங்கில் தட்டி, அதன்மேல் குவியல். பக்கச் சுவர்களும் தட்டிதான். காற்று அடியில் நுழைந்து, காய்களின் இடுக்கு வழியே மேலேறி, கூரையடியில் வெளியே போக வேண்டும். ஏனென்றால் வெங்காயம் பறித்த பிறகும் உயிரோடு இருக்கிறது. மூச்சு விடுகிறது. விடும்போது கொஞ்சம் சூடும் கொஞ்சம் ஈரமும் வெளியே வரும். வறண்ட காற்று இரண்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஈரக்காற்று தானே நிறைந்து வருவதால் எதையும் அள்ளாது. ஈரம் உள்ளே தங்கிப்போகும். காயின் கழுத்து இளகும். மறுபடி மண்ணுக்குள் வந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு வெங்காயம் முளைவிடத் தொடங்கும். முளைவிட்ட காயைச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பட்டறை கூரையடி வரை நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் பாதியாவது காலியாகியிருக்க வேண்டும். தட்டியை ஒட்டிய பாதையில் மண்டிக்காரர் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே அவர் மனநிலையைச் சொல்லிவிடலாம் என்பாள் அவர் மனைவி. அன்று அது மழைக்கு முந்தின தவளை மாதிரி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் சூடு வந்துடுச்சு," என்றாள் அவள்.

அவர் நிற்காமலே தலையாட்டினார்.

காய் பிரிக்கும் பெண்களைக் கூப்பிட்டு, சூடு கண்ட பக்கத்தைக் கிளறிப் பரப்பச் சொன்னாள். கிளறினால் இரண்டொரு நாள் தாங்கும். அதற்குமேல் எந்தக் கிளறலுக்கும் அடங்காது.

இந்த நிலைமைக்குக் காரணம் மகள் கணினியில் கொண்டுவந்த கணிப்பு இயந்திரம் என்று மண்டிக்காரரின் தம்பி முடிவுகட்டியிருந்தார். அவருக்கு வேலை லாரி புக்கிங். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அந்தப் பகுதி மண்டிக்காரர்கள் எல்லோரும் லாரி பிடிப்பது அவரிடம்தான். வாசலில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு மாலையும் யார் மண்டி, எந்த லாரி, எந்த ஊர் என்று அவரவர் சொல்கிறபடி வரிசையாகச் சாக்பீஸில் எழுதுவார். காலையில் அழிப்பார். லாரி வரிசையில் சண்டை வந்தால் சாட்சிக்கு வேண்டும் என்று, அழிப்பதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பல வருடத்துப் படங்கள் அப்படிச் சேர்ந்திருந்தன.

மகள் நகரத்தில் ஒரு கம்பெனியில் இதே மாதிரிக் கணிப்பு வேலைதான் பார்த்தாள். யாரோ எங்கோ வாங்கும் சோப்புக்கும் சட்டைக்கும். ஒரு விடுமுறையில் சித்தப்பாவின் போனில் அந்தப் படங்களைப் பார்த்தவளுக்குத் தூக்கம் போய்விட்டது. இங்கிருந்து வெங்காயம் பெரும்பாலும் இரண்டு சந்தைக்குப் போகும். ஒன்று மலைச் சந்தை, இன்னொன்று ஆற்றங்கரைச் சந்தை. எந்த நாளில் எந்தச் சந்தையில் சரக்கு குவியும் என்று முன்கூட்டியே தெரிந்தால், குவியாத சந்தைக்கு அனுப்பலாம். தெரிந்துகொள்ளத்தான் வழி இல்லை. அங்கிருக்கும் தரகர்களிடம் போனில் கேட்டால், இடம் இருக்கு, விலை ஏறியிருக்கு, உடனே அனுப்புங்க என்பார்கள். எல்லோரிடமும் எல்லா நாளும் அதையே சொல்வார்கள். சந்தை அலுவலகம் வந்திறங்கிய பாரத்தை வெளியிடும்தான், ஆனால் எல்லாம் விற்று முடிந்த பிறகு.

அவள் செய்தது இதுதான். பழைய கரும்பலகைப் படங்களை ஒரு பக்கம் வைத்தாள். அந்தந்த நாளில் இரண்டு சந்தையிலும் உண்மையில் இறங்கிய பாரத்தை இன்னொரு பக்கம் வைத்தாள். இயந்திரத்திடம் முதல் பக்கத்தைக் காட்டி இரண்டாம் பக்கத்தை ஊகிக்கச் சொன்னாள். முதலில் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். எவ்வளவு தப்பு என்று கணக்குப் பார்த்து, தப்பு சற்றே குறைகிற பக்கமாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும். மறுபடி ஊகிக்கும், மறுபடி திருத்தும். ஆயிரக்கணக்கான தடவை. சலிப்பு என்பது அதற்குக் கிடையாது. கடைசியில், சில மாதப் படங்களை அதற்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாளே, அவற்றைக் கொடுத்துச் சோதித்தாள். பார்க்காத நாட்களையும் அது கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னது. அன்றைக்கே வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டுக்குப் போன் செய்தாள்.

வீட்டுக்கு வந்தவுடன், போர்டுல எழுதறதைப் பார்த்துத்தான் இது படிக்குது என்று அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினாள். அவர் கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இந்தப் பருவத்துச் சரக்கு எப்போது, எங்கே போவது என்று முடிவு செய்யும் பொறுப்பை அவளிடமே விட்டார். அந்தப் பகுதியிலேயே பெரிய மண்டி அவருடையது.

அன்றிலிருந்து இயந்திரம் சொன்னதெல்லாம் தப்பு.

மலை காலியாக இருக்கும் என்றது. மலைக்கு லாரிகள் போயின. அங்கே நிற்க இடமில்லை. அடுத்த வாரமும் மலை என்றது. போனால் இன்னும் நெரிசல். ஒரு லாரி இறக்க ஆளில்லாமல் வெயிலில் கிடந்து, பாதிக் காய் வெந்து திரும்பியது. அதற்குமேல் அனுப்பத் தைரியம் வராமல் காத்திருந்தார்கள். காத்திருந்ததில் காற்று திரும்பிவிட்டது.

"உன் ஜோசியர் என்ன சொல்றார்?" என்று தினமும் காலையில் கேட்பார் சித்தப்பா. கேலிதான். ஆனால் அன்று அவர் கேலியாகக் கேட்கவில்லை. வெங்காயத்தைக் காயவைத்துத் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆள் வந்து போயிருந்தார். பட்டறையை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், முளைவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வரும் பருவங்களிலும் சரக்கை அவர்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்கு. மண்டி என்று பெயர்ப்பலகை இருக்கும். மண்டித் தொழில் இருக்காது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்து மண்டிக்குப் போய்விடுவார்கள்.

சித்தப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். அதை அவர் அண்ணனிடம் சொன்னது அண்ணன் மகள் காதில் விழவேண்டும் என்றேதான்.

மகள் பட்டறை ஓரத்தில் சாக்குமூட்டைமேல் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகரத்தில் சரியாகச் சொன்னது இங்கே வந்ததும் ஏன் தப்பாகச் சொல்கிறது? கையை வாயருகே கொண்டுபோய் நகத்தைக் கடித்தாள். வெங்காய நெடி ஏறிக் கண் கலங்கியது. பிறகு, இயந்திரம் எந்த வரியை நம்பி எதைச் சொல்கிறது என்று பார்க்க, கரும்பலகையின் வரிகளை ஒவ்வொன்றாக மறைத்து ஓடவிட்டாள். ஒரு வரியை மறைத்ததும் இயந்திரம் தடுமாறினால், அது அந்த வரியில்தான் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். மற்ற மண்டிகளின் வரிகளை மறைத்தபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் வரியை மறைத்ததும் பழைய நாட்களில் இயந்திரம் குருடாகிவிட்டது. அவள் வந்த பிறகான நாட்களில் அதே வரியை மறைத்தால் முன்பைவிடத் தெளிவாகச் சொன்னது.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். பழைய நாட்களில் அப்பா மலை என்று எழுதியபோது பெரும்பாலும் ஆற்றங்கரையில் சரக்கு இறங்கியிருந்தது. ஆற்றங்கரை என்று எழுதியபோது மலையில்.

"அப்பா, போர்டுல மலைன்னு எழுதினா லாரி எங்க போகும்?"

"மலைக்குத்தான்." செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

"இப்போ இல்ல. நான் வர்றதுக்கு முன்னாடி."

சத்தம் நின்றது. காய் பிரிக்கும் பெண்களில் ஒருத்தி குனிந்தபடியே சிரித்தாள். சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"தொழில்ல அப்படித்தாம்மா," என்றார் மண்டிக்காரர். "போற ஊரை எழுதினா, லாரி போய்ச் சேர்றதுக்குள்ள அங்க விலையைக் கீழ இழுத்துடுவாங்க. பக்கத்து மண்டிக்காரன் வேற பின்னாலயே வந்து நிப்பான். அதனால ஊரை மாத்தி எழுதறது. ரோடு பிரியற இடத்துல டிரைவருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கலாம்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. சக்கரம் உருண்டையா இருக்கும்னு யாராவது சொல்லித் தருவாங்களா?"

"சரி. இப்போ என்ன எழுதறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காய்ச் சருகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீ வந்ததுலேர்ந்து உள்ளதைத்தான் எழுதறேன்."

"ஏம்ப்பா?"

"போர்டைப் பாத்துத்தான் படிக்குதுன்னு நீதானே சொன்னே? படிக்கிற ஒண்ணுக்குத் தெரிஞ்சே தப்பாச் சொல்லித் தரலாமா? அதுவும் உன்னோடது."

மகள் கணினியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை; இரண்டும் பாதிப் பாதி வந்தது.

"அதுக்கு மலை எங்க இருக்குன்னு தெரியாதுப்பா. ஊரே தெரியாது. உங்க வரியில இந்த எழுத்து இருந்தா ஆற்றங்கரையில சரக்கு இறங்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அது படிச்ச பாஷையில மலைன்னா ஆற்றங்கரைதான். நீங்க திடீர்னு பாஷையை மாத்திட்டீங்க. மலைன்னு எழுதிட்டு மலைக்கே போனீங்க. அது என்ன நினைக்கும்? அப்பா ஆற்றங்கரைக்குப் போயிட்டார், மலை காலியா இருக்கும்னு நினைக்கும். மறுபடி மலைக்கே போகச் சொல்லும். நீங்க மறுபடி மலைன்னு எழுதுவீங்க."

மண்டிக்காரர் கேட்டது வேறு.

"அப்போ நான் எப்பவும் மாத்தித்தான் எழுதினேன்னு அது கண்டுபிடிச்சுடுச்சா?"

"எப்பவும் இல்ல. சந்தை லீவுக்கு முந்தின நாள் மட்டும் உள்ளதை எழுதுவீங்க."

அவர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் மாற்றி எழுதினால் ஒருநாள் எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்று, இடையிடையே உண்மையைச் செருகும் அந்த உத்தி அவராக யோசித்தது. தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

"அது எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றார்.

"எனக்கும் தெரியும்," என்றாள் அவர் மனைவி. "மலைக்குப் பொடிக்காய், ஆற்றங்கரைக்குப் பெருவெட்டுக் காய். மூட்டை கட்டறது யாரு?"

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் முறைத்த முறைப்பில் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இயந்திரத்துக்குப் புதிதாக உண்மையைக் கற்றுக்கொடுக்க இனி ஒரு பருவம் முழுக்க வேண்டும். மாலைவரைதான் நேரம் இருந்தது. மகளுக்கு ஒரே வழிதான் தோன்றியது: இயந்திரத்தை மாற்றுவதற்குப் பதில், இந்தச் சில வாரத்து எழுத்தைப் பழைய பாஷைக்கு மாற்றித் தருவது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இந்த நாள் நீங்க வழக்கம்போலப் பொய் எழுதியிருந்தா எதை எழுதியிருப்பீங்க என்று அப்பாவைக் கேட்டாள். வெறுமனே திருப்பிப் போட்டுவிட முடியாது. எந்த நாளில் திருப்பியிருப்பார், எந்த நாளில் திருப்பியிருக்க மாட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். மண்டிக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் மாதிரி நிதானமாகப் பதில் சொன்னார்.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றார் தம்பி வாசலிலிருந்து. "பொய்யைத் தப்பாச் சொல்லிடாதே."

மாற்றியதை இயந்திரத்துக்குக் கொடுத்தபோது, மலையின் நெரிசலை அது தானாகவே சொன்னது. கூடவே, ஆற்றங்கரையில் சரக்கே இறங்கியிருக்காது, நாளைக்கும் இறங்காது என்றது.

தம்பி நம்பவில்லை. நேற்றுவரை மலை மலை என்று உயிரை வாங்கியது இன்றைக்கு ஆற்றங்கரை என்கிறது, நாளைக்குக் கொண்டுபோய்க் கடலில் கொட்டச் சொல்லும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தொழிற்சாலைக்காரரின் போன் அடித்தது. எடுக்காமல் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் மகளைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, எனக்கு நிச்சயமாத் தெரியாது," என்றாள் அவள். "ஏன் தப்பாச்சுன்னு தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"அது போதாது."

"போதாதுதான். நான் லாரியிலயே போறேன். தப்பா இருந்தா அங்கயே நின்னு பாத்துடறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

மண்டிக்காரர் போனை வாங்கி, இப்போதைக்கு வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தால் தம்பி அதிகம் வேலை செய்வார். தானே போய்த் தார்ப்பாயை உதறி லாரிமேல் ஏறினார். பெருவெட்டு மூட்டைகள் மட்டும் ஏறின. சூடு கண்ட பக்கத்துக் காய் முதலில். அம்மா ஒவ்வொரு மூட்டைக்கும் கையை விட்டுப் பார்த்து, இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பினாள். இருட்டுவதற்குள் கரும்பலகையில் அண்ணன் வரியில் தம்பி எழுதினார்: மலை.

விடிந்தபோது லாரி ஆற்றங்கரைச் சந்தை வாசலில் நின்றது. மகள் கதவைத் திறந்து குதித்தாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்ததில் கால் மரத்திருந்தது. நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

நீளமான தகரக் கூரை, அதன்கீழ் மேடைகள். உருளைக்கிழங்கு மேடையில் ஆட்கள் மொய்த்தார்கள். வெங்காய மேடையில் ஒரு மூலையில் சின்னக் குவியல், அதுவும் நாட்பட்டது, முளைவிட்ட காய். மீதி இடம் முழுக்கக் கழுவிவிட்ட மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது. சுமை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் சும்மாட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். லாரியைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து மற்றவர்களைக் காலால் தட்டினார்.

மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயதான தரகர், மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி லாரி நம்பரைப் பார்த்தார். எந்த மண்டி என்று கேட்கவில்லை.

"பொண்ணா?" என்றார். "வாம்மா. நேத்து சாயந்தரமே மேடையைக் கூட்டி வச்சுட்டோம்."

"எப்படித் தெரியும்? போர்டுல மலைன்னுதானே எழுதியிருந்துச்சு?"

"அதனாலதான். உங்க வாசலைத் தாண்டி வர்ற டிரைவர் யாராவது ஒருத்தர் தினம் போன்ல சொல்லிடுவாங்க. உங்கப்பா மலைன்னு எழுதினா இங்க வர்றார்னு அர்த்தம். எத்தனை வருஷமாப் பாக்கறோம். உங்க பக்கத்து மண்டிக்காரங்களுக்கும் தெரியும். அவர் மலைன்னு எழுதினா, சரி, பெரிய மண்டி ஆற்றங்கரைக்குப் போகுதுன்னு அவங்க மலைக்குத் திருப்பிக்குவாங்க. அவர் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். ரெண்டு சந்தையும் பொழைச்சுது."

மலையில் அந்த நெரிசல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் மகளுக்கு விளங்கியது. அப்பா உண்மையை எழுதியதும் ஏமாந்தது இயந்திரம் மட்டுமல்ல. அந்தப் பலகையைப் படித்துப் பழகிய அத்தனை பேரும் ஏமாந்து, அவரை விட்டு விலகுவதாக நினைத்து, அவர் போன இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

தரகர் ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, ஒரு காயை எடுத்துக் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார். கூரைக்குக் கீழே அங்கங்கே நின்றவர்கள் வெங்காய மேடையைச் சுற்றி வரத் தொடங்கினார்கள். மூட்டை இறங்க இறங்க விலை கேட்கும் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நாளைக்கும் அனுப்பச் சொல்லு, பட்டறை காலியாகிற வரைக்கும் அனுப்பச் சொல்லு என்றார் தரகர். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கொஞ்ச வாரமா மலைன்னு போடறார், நாங்களும் கூட்டிவச்சுட்டு உக்காந்திருக்கோம், லாரி வரவே இல்ல. கூப்பிட்டுக் கேக்கவும் ஒரு மாதிரியா இருந்துச்சு. ஏம்மா, அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மகள் சந்தைக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடிப்பதற்குள் அப்பா எடுத்துவிட்டார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இறங்குகிறது, விற்கிறது, நாளைக்கும் கேட்கிறார்கள் என்றாள். சத்தம் மெதுவானது. தரகர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். யார் யாருக்குத் தெரியும், எத்தனை வருடமாகத் தெரியும் என்று எல்லாவற்றையும். உடம்பு சரியில்லையா என்று அவர் கடைசியில் கேட்டதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது. அம்மா பட்டறைக்குள் யாரையோ கூப்பிட்டு அடுத்த பக்கத்தைக் கிளறச் சொல்வது மட்டும் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடு," என்றார் அப்பா.